தக்காளியும் ஐரிஸ் பூவும்: 7 பேர்ச்சஸ் காணியில் எதை நடுவது?



புதிய வீடும் அதைச் சுற்றி ஒரு துண்டு நிலமும் கிடைத்த குடும்பங்களிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "மரக்கறி போட்டு என்ன கண்டோம்? பூ வளர்த்தால் நல்ல காசு என்கிறார்களே, உண்மையா?" என்பதே அது. கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். எந்தப் பூ என்று விசாரித்தால், எங்கோ படத்தில் கண்ட ஐரிஸைச் சிலர் சொல்கிறார்கள். நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக, மூன்று இதழ் நிமிர்ந்தும் மூன்று இதழ் தொங்கியும் நிற்கும் அந்தப் பூ அழகானதுதான். தக்காளியை யாரும் படத்தில் பார்த்து ஆசைப்படுவதில்லை. வெலிமடை, ஊவா பரணகம, பண்டாரவளைப் பகுதிகளில் தக்காளியைப் பயிரிடத் தெரியாத கிராமம் இல்லை. தக்காளியால் கடன்பட்டவர் இல்லாத கிராமமும் இல்லை.

இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காணி உறுதி கைக்கு வராத குடும்பம் தக்காளியை நடவேண்டும். அதையும் முதலில் தன் சட்டிக்காக நடவேண்டும். ஐரிஸ் போன்ற பல்லாண்டுப் பூச்செடியைப் பற்றிய பேச்சை உறுதி கிடைத்த பின் வைத்துக்கொள்ளலாம். இதற்கான காரணம் அந்தச் செடிகளின் இயல்பிலேயே இருக்கிறது.

கணக்கைக் காணியிலிருந்து தொடங்குவோம். கடந்த சில ஆண்டுகளில் தோட்டங்களில் கட்டப்பட்ட தனிவீடுகள் பல, 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடியில் அமைந்தவை. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. வீடு மட்டுமே இரண்டு பேர்ச்சஸைத் தின்றுவிடும். மலசலகூடம், நடைபாதை, தண்ணீர் வடியும் கான், விறகு அடுக்கும் இடம், கோழிக்கூடு, வீட்டுக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண்சுவர் ஆகியவற்றையும் கழித்தால், மண்வெட்டி போடக்கூடிய இடமாக இரண்டு பேர்ச்சஸ் மிஞ்சினால் அதிர்ஷ்டம். இரண்டரை அடிக்கு ஒரு வரிசை, வரிசையில் ஒன்றரை அடிக்குச் சற்று கூடுதலான இடைவெளி என்று நட்டால், அதில் ஏறக்குறைய 125 தக்காளிச் செடிகள் நிற்கும். நன்றாகக் கவனித்த செடி இரண்டு கிலோ தரும்; கவனிக்காத செடி அரைக் கிலோவும் தராது. ஆக, இந்தத் துண்டிலிருந்து 60 கிலோவும் எடுக்கலாம், 250 கிலோவும் எடுக்கலாம். இந்த வித்தியாசத்துக்குள்தான் தக்காளியின் கதை முழுவதும் இருக்கிறது.

தக்காளி தென் அமெரிக்க மலைப்பகுதியிலிருந்து உலகெங்கும் பரவிய செடி. உருளைக்கிழங்கும் அங்கிருந்து வந்த அதன் உறவினன்தான். நாமும் சிங்கள அயலவரும் இதை ஒரே சொல்லால் 'தக்காளி' என்றே அழைக்கிறோம். சந்தையில் இந்தப் பழத்துக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. பகலில் 20 முதல் 28 பாகை செல்சியஸ் வரையான இளஞ்சூடு, இரவில் 15 முதல் 20 வரையான குளிர்ச்சி, நல்ல வெயில் ஆகியவையே அது கேட்பவை. 2,200 அடி உயரத்திலுள்ள பதுளை முதல் 4,000 அடியிலுள்ள பண்டாரவளை வரை இவை இயல்பாகவே கிடைக்கின்றன. அதற்கும் மேலே, அப்புத்தளை போன்ற இடங்களில் மூடுபனி ஒரு தடை. விதை போட்டு மூன்று, நான்கு வாரத்தில் நாற்று. நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் முதல் பழம். நான்கு மாதத்தில் கொடி ஓய்ந்துவிடும். பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுவதால் வேறு செடியை நம்பியிருப்பதும் இல்லை.

மண் விடயத்தில்தான் எமது மக்கள் ஏமாந்துபோகிறார்கள். தேயிலைக்கு வழங்கப்பட்ட மண் புளிப்பு மண். தேயிலை 4.5 முதல் 5.5 வரையான பீ.எச். அளவில் செழிக்கும், தக்காளிக்கோ 6 முதல் 6.8 வரை வேண்டும். தேயிலையைப் பிடுங்கிவிட்டு வீடு கட்டிய இடத்தில் நேரே தக்காளியை நட்டுவிட்டு, "இந்த மண்ணில் ஒன்றும் வராது" என்று கைவிட்டவர்கள் பலர். கவ்வாத்து மலைக்கு டொலமைட் தூவிய கைகள் எமது கைகள். அதே டொலமைட்டை, நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே, மண்ணைப் பரிசோதித்துத் தெரிந்த அளவில் கலக்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. "நாங்கள் தோட்டத்து ஆட்கள், எங்களுக்குச் சொல்வார்களா?" என்று வாசலிலேயே திரும்பிவிட வேண்டாம். மண்ணில் சுண்ணாம்புச்சத்துக் குறைந்தும், தண்ணீர் ஒரு நாள் கூடி மறுநாள் குறைந்தும் போனால், பழத்தின் அடிப்பகுதி கறுத்து அழுகும். இது நோய் அல்ல. மருந்துக் கடைக்காரர் விற்கும் எந்தப் போத்தலாலும் இது நிற்காது.

உண்மையான நோய்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். முதலாவது வெளிறல். அயர்லாந்தில் 1845 இல் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய்க்கிருமிதான், மூடுபனியும் தூறலும் சேர்ந்த நாட்களில் எமது தக்காளி இலையையும் ஓரிரு இரவில் கருக்கிவிடுகிறது. கொடியைத் தடியில் கட்டி நிமிர்த்துவது, அடி இலைகளைக் கிள்ளிவிடுவது, தண்ணீரை இலையில் படாமல் வேரில் ஊற்றுவது, முடிந்தால் பொலித்தீன் கூரை ஒன்று போடுவது ஆகியவற்றால் பெரும் பகுதியைத் தடுக்கலாம்.

இரண்டாவது வாடல் நோய். காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் துவண்டு, இரண்டு நாளில் பச்சையாகவே சாகும். பூச்சியா, தண்ணீர்க் குறைவா என்று தடுமாற வேண்டாம். தண்டை அடியில் குறுக்கே வெட்டி, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குவளையில் அசையாமல் பிடித்துப் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூல் இறங்கினால் அது பக்டீரியா வாடல். இதற்கு மருந்து கிடையாது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். மேல் காணியின் கானில் வடியும் தண்ணீரோடும், இரவல் வாங்கிய மண்வெட்டியோடும், செருப்போடும் வந்து சேரும். உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் ஆகியவையும் இதற்கு விருந்தாளிகள். ஆகவே உருளைக்கிழங்கு எடுத்த இடத்தில் தக்காளியை நடாதீர்கள். நடுவில் போஞ்சியோ சோளமோ போட்டு மண்ணை மாற்றுங்கள். நோயைத் தாங்கும் இனங்களை விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்கிறது; பண்டாரவளையிலேயே அதன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கத்தரி நாற்றின் அடியில் தக்காளி நுனியை ஒட்டி நடும் முறையைத் தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம் பரப்பியது. அது கைவேலை, எமது பெண்களின் விரல்களுக்கு அது ஒரு பெரிய வித்தையல்ல.

தண்ணீரைப் பற்றியும் கணக்குப் பார்ப்போம். நான்கு மாதத்தில் தக்காளிக்கு 400 முதல் 600 மில்லிமீற்றர் நீர் தேவை என்பது உலக உணவு விவசாய நிறுவனத்தின் பொதுவான அளவு. இரண்டு பேர்ச்சஸுக்கு இது சராசரியாக ஒரு நாளைக்கு 200 லீற்றர். 20 லீற்றர் கான் ஒன்றில் சுமந்தால் பத்து நடை. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை இந்தச் சுமையைத் தானே சுமந்துகொள்ளும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணியில் பீலியில் நூலாக வழியும் தண்ணீரைக் குடிக்கவா, குளிக்கவா, செடிக்கு ஊற்றவா? கொழுந்து பறித்துவிட்டு மாலையில் வரும் பெண்ணின் முதுகில் இந்தப் பத்து நடையையும் ஏற்றும் எந்தத் திட்டமும் நல்ல திட்டமல்ல. பண்டாரவளைப் பகுதியினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2014 டிசம்பரில் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்த பின் கிணறுகள் வற்றியதையும் சுவர்கள் வெடித்ததையும் அவர்கள் கண்டவர்கள். 2024 ஏப்ரல் 24 இல் அந்தத் திட்டம் திறந்துவைக்கப்பட்டுவிட்டது. ஊற்றை இழந்தவருக்கு அந்தத் திறப்புவிழாவால் ஒரு வாளித் தண்ணீர் கூடவில்லை. எனவே மழைக்காலத்தில் முழுத் துண்டிலும், வரண்ட காலத்தில் வீட்டில் சட்டி கழுவிய தண்ணீர் போதுமான பத்துச் செடியிலும் நிற்பதே புத்தி. கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு தாங்கி கிடைத்தால் நிலைமை வேறு.

மழைக்காலப் பயிருக்கு இன்னுமொரு விலை உண்டு. அடிக்கடி கொத்திக் களையெடுத்த மண், பெருமழையில் நிற்காது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில், நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாயிற்று. தக்காளி நட்டதால் மலை சரியவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் அடைபட்ட கானும், மேலிருந்து கீழாகக் கொத்திய பாத்தியும், வெறுமையான மண்ணும் சேர்ந்தால் ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் போகிறது. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். ஓரத்தில் மானாப்புல்லும் கிளிரிசிடியாவும் நடுங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு மின்டனாவோத் தீவின் ஏழை விவசாயிகளுக்காக 1970களில் உருவான சரிவுநிலப் பயிர்ச்செய்கை முறையின் சாரம் இவ்வளவுதான்: சம உயரத்தில் வேலி போலச் செடி, இடையில் உணவு. அபாய வலயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்ட இடத்தில் இந்த ஓரச்செடி எதையும் காப்பாற்றாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அங்கே நடவேண்டாம், அங்கே இருக்கவும் வேண்டாம்.

இனி விலை. கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும்: ஒரு வாரம் மரியாதையாக வாங்குவார்கள், மறுவாரம் பெட்டியை இறக்கவே விடமாட்டார்கள். விதையும் உரமும் மருந்தும் முற்பணமாகக் கொடுத்தவர்தான் பழத்தையும் வாங்குகிறார் என்றால், விலையை நிர்ணயிப்பவர் யார் என்று கேட்கத் தேவையில்லை. இந்த நாட்டில் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 சதவீதம் சாப்பிடுபவரின் கையை அடையுமுன்னரே பழுதாகிறது என்று கூறப்படுகிறது. அதில் முதலில் நசுங்குவது தக்காளி. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவால் நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். இடையிலிருந்த போகத்தின் நட்டத்தை வெலிமடையின் சிங்கள விவசாயியும் தமிழ் விவசாயியும் சேர்ந்தே சுமந்தார்கள். இரண்டு பேர்ச்சஸ்காரர் இந்தச் சூதாட்டத்தில் இறங்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். 125 செடியின் பழத்தைக் கொண்டு லொறியைப் பிடிக்க முடியாது. வீட்டுக்கு, அயல் லயத்துக்கு, தோட்டத்துக் கடைக்கு, சம்பள நாள் சந்தைக்கு விற்கலாம், அதுவே போதும்.

வீட்டுக்கு என்றேன். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, இந்த நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் மட்டும் பார்த்தால் 32 பேர். தக்காளி மட்டும் இதை மாற்றிவிடாது. பிள்ளை வளர முட்டையும் பருப்பும் பாலும் வேண்டும். ஆனால் கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர விற்றமின் சி உதவுகிறது. தக்காளியில் அது உண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரோ அந்த இரும்பைத் தடுத்துவிடுகிறது. இரத்தச்சோகையால் களைத்திருக்கும் தாய்மார், சோற்றோடு தேநீரைக் குடிப்பதை விட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்து, பச்சைத் தக்காளிச் சம்பலையோ நறுக்கிய பழத்தையோ கூடச் சேர்த்துக்கொண்டால் செலவில்லாமல் ஒரு நன்மை. சமைக்கும்போது விற்றமின் சியில் ஒரு பங்கு போய்விடும் என்பதால்தான் பச்சையாக என்கிறேன். மலிந்த நாளில் சோஸாகக் காய்ச்சிச் சுத்தமான போத்தலில் அடைக்கலாம். கச்சான் காலத்து வெயிலில் உப்பிட்டு வற்றலாக்கலாம். இலையையும் தண்டையும் மட்டும் ஆட்டுக்குப் போடாதீர்கள், அதில் நஞ்சுண்டு.

இப்போது ஐரிஸைப் பார்ப்போம்.

ஐரிஸ் என்பது கிரேக்கரின் வானவில் தேவதையின் பெயர். ஏறக்குறைய 300 வகைகள் உண்டு. குளிரும் வெயிலும் மாறிமாறி வரும் நாடுகளே அதன் பிறப்பிடம். படங்களில் நாம் காணும் தாடி ஐரிஸ், இஞ்சி போன்ற கிழங்கிலிருந்து முளைப்பது. இஞ்சியை மண்ணால் மூடுவோம். இதன் கிழங்கின் முதுகை வெயில் படும்படி மண்ணுக்கு மேலே விடவேண்டும். மூடினாலும், தண்ணீர் தேங்கினாலும் அழுகிவிடும். மண் புளிக்கக்கூடாது, அரை நாளாவது நேர் வெயில் வேண்டும். தண்ணீர் மட்டும் அதிகம் கேட்காது. அந்த ஒரு குணத்தில் அது தக்காளியைவிட நல்ல பிள்ளை. ஆனால் குளிர்காலத்தில் பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது நன்றாகப் பூக்கும். பண்டாரவளையின் குளிர் எமக்குக் கம்பளி போர்த்தும் குளிர். ஐரிஸுக்கு அது குளிரே அல்ல. ஐப்பசி மழையிலோ கிழங்கு அழுகும். ஆகவே எமது மலைகளில் அது இலையாக வாழும், அல்லது சாகும். பூவாக விற்பனைக்கு வருவது அரிது.

பூக்கடைகளில் காம்போடு விற்கும் ஒல்லாந்து ஐரிஸ் வேறு வகை. வெங்காயம் போன்ற குமிழிலிருந்து வருவது. அந்தக் குமிழை ஒல்லாந்தில் முதலில் சூட்டிலும் பின்னர் குளிர் அறையிலும் வாரக்கணக்கில் வைத்துப் பதப்படுத்தி அனுப்புகிறார்கள். பதப்படுத்திய குமிழை நட்டால் சில மாதங்களில் பூ வரும் என்பது உண்மை. ஆனால் அந்தக் குமிழ் அடுத்த வருடம் எமது மண்ணில் தானாகப் பூக்கும் என்று நம்ப முடியாது. மறுபடியும் வாங்க வேண்டும். வெளிநாட்டு நாணயத்தில் வாங்கி, மொட்டு விரியுமுன் வெட்டி, குளிரூட்டிய வண்டியில் கொழும்புக்கு அனுப்பி, குவளையில் நான்கைந்து நாள் நிற்கும் பூவுக்குக் காசு வாங்க வேண்டும். இதைக் கம்பனி செய்யலாம். 7 பேர்ச்சஸ்காரரின் வேலை அல்ல இது.

குளிர் இல்லாமலே பூக்கும் உறவுகளும் இருக்கின்றன. ஆப்பிரிக்க ஐரிஸ் என்பதும், பூத்த காம்பு சாய்ந்து மண்ணைத் தொட்ட இடத்தில் புதுச்செடியாக வேரூன்றும் 'நடக்கும் ஐரிஸ்' என்பதும் வெப்பநாட்டு மலைகளில் தடையின்றி வளர்பவை. வாசலுக்கு அழகு. ஆனால் ஒரு பூ ஒரு நாளில் வாடிவிடுவதால் வெட்டி விற்க உதவாது.

ஐரிஸ் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இத்தாலியில் புளோரன்ஸ் நகரைச் சுற்றிய மலைச்சரிவுகளில், திராட்சைக்கும் ஒலிவுக்கும் இடையே, படிக்கட்டு நிலங்களின் ஓரங்களில் ஐரிஸை நட்டு மண்ணைப் பிடித்து வைத்தார்கள் அந்த நாட்டு ஏழை விவசாயிகள். புளோரன்ஸ் நகரின் சின்னமே அந்தப் பூதான். அவர்கள் விற்றது பூவை அல்ல, கிழங்கை. நட்டு மூன்று வருடத்தில் தோண்டி, தோலைச் சீவி, உலர்த்தி, மேலும் இரண்டு மூன்று வருடம் கிடப்பில் போட்டால்தான் அதில் வாசனை பிறக்கிறது. பச்சைக் கிழங்கில் அது இல்லை. வாசனைத் திரவியம் செய்பவர்கள் வாங்கும் பொருட்களிலேயே மிக விலையுயர்ந்தவற்றுள் அதுவும் ஒன்று. காஷ்மீரில் இறந்தவரின் கல்லறை மீது ஐரிஸ் நடுகிறார்கள். அதே காஷ்மீரில் விளையும் குங்குமப்பூவும் ஐரிஸின் குடும்பமே. இவ்வளவு இருந்தும், ஐரிஸ் கிழங்கை மனிதரும் தின்ன முடியாது, மாடும் ஆடும் தின்ன முடியாது. தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இஞ்சியைப் போல் இருப்பதால், சிறுபிள்ளை உள்ள வீட்டில் இதைக் கவனிக்க வேண்டும்.

நட்டவர் மூன்று வருடம் காத்திருந்தார், தோண்டிய பின் இன்னும் மூன்று வருடம் காத்திருந்தார் என்றால், ஆறாவது வருடத்திலும் தான் அங்கேயே இருப்பேன் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது என்பதே பொருள்.  எமது நிலை என்ன? மீரியபெத்தைக் குடும்பங்கள் மகல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள், சீலையால் பிரித்த அறைகளில், ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்துவிட்டுத்தான் 2016 இல் வீட்டுக்குப் போனார்கள். அதற்கும் முன்னே, 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்குப் பயந்து மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன எமது உறவுகள், அங்கே காடு வெட்டித் தென்னை வைத்து, 2008 இலும் 2009 இலும் காய்த்த தென்னையை விட்டுவிட்டு மறுபடியும் ஓட நேர்ந்தது. நான்கு மாதப் பயிரை மட்டுமே நம்பும் பழக்கம் எமது மக்களுக்குச் சோம்பலால் வந்ததல்ல. அடுத்த வருடம் யார் காணியில் இருப்போம் என்று தெரியாதவர், நான்கு மாதத்துக்கு மேல் கணக்குப் போடுவது எப்படி?

இதனால்தான், பூச்செய்கைத் திட்டத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது பூவின் விலையை அல்ல. காணி உறுதி யார் பெயரில், எப்போது கிடைக்கும், அதில் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். வீடு கையளித்துப் பல வருடமாகியும் உறுதி இல்லாமல், சாவியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. உறுதி இல்லாத காணியில் போட்ட டொலமைட்டும், கட்டிய கல்வரம்பும், நட்ட பல்லாண்டுச் செடியும் சட்டப்படி யாருடைய சொத்து? பிரதேச செயலகத்துக்கு ஒருவராகப் போனால் நாளைக்கு வா என்பார்கள். இருபது குடும்பமாக, எழுத்தில் ஒரு மனுவோடு போங்கள், திகதி முத்திரையிட்ட பிரதியை வாங்கிக்கொண்டு வாருங்கள். எம்மைப் போன்ற நிறுவனங்களுக்கும் ஒரு சொல். பூந்தோட்டத்தின் முன் பெண்களை நிறுத்திப் படம் எடுப்பது எளிது. வெளிநாட்டு அறிக்கையில் அது அழகாகவும் இருக்கும். தக்காளிச் சட்டியின் முன்னால் யாரும் படம் எடுப்பதில்லை.

உறுதி கைக்கு வந்தவர்கள், பூவில் மனம் வைத்தால், ஐரிஸின் உறவான கிளடியோலஸிலிருந்து தொடங்கலாம். அதுவும் கிழங்கிலிருந்து வருவதுதான். ஆனால் குளிரில் உறங்கத் தேவையில்லை, இரண்டு முதல் மூன்றரை மாதத்தில் பூக்கும், தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகளும் தரும். அந்தக் குட்டிகள் பூக்கும் அளவுக்குப் பருக்க ஓரிரு போகம் பொறுக்க வேண்டும். கோயிலுக்கும் திருமணத்துக்கும் மரண வீட்டுக்கும் அந்தப் பூவுக்குக் கேள்வி உண்டு. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் பஸ்ஸில் கொண்டுபோகலாம். நெருக்கமாக நடக்கூடியது என்பதால் அரை பேர்ச் போதும். தக்காளிக்குரிய இரண்டு பேர்ச்சஸையும் இதற்குக் கொடுத்துவிடாதீர்கள். முதல் கிழங்கைக் கடனுக்கு வாங்காமல், ஏற்கெனவே வளர்ப்பவரிடம் பத்துக் கேட்டுப் பாருங்கள். படிக்கட்டு வரம்பின் ஓரத்தில் ஒரு வரிசை ஆப்பிரிக்க ஐரிஸ் நின்றாலும் நன்றே. புல்லைப் போல அது மண்ணைப் பிடிக்கும், வாசலுக்கும் ஒரு நிறம்.

இன்னும் தற்காலிக முகாமில் இருப்பவர்கள் காணி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உரப் பையில் மண்ணும் மட்கிய சாணமும் சேர்த்து, அடியில் நான்கு துளையிட்டு, பைக்கு ஒரு செடி நடலாம். முகாம் மாறினால் பையையும் தூக்கிக்கொண்டு போகலாம். இதற்கு விதையைக் கடையில் வாங்காமல் நீங்களே எடுத்துக்கொள்ள முடியும். கலப்பின விதையிலிருந்து வந்த பழத்தை இதற்கு எடுக்காதீர்கள்; அதன் பிள்ளைகள் தாயைப் போலிரா. சாதாரண இனத்தில், நோயில்லாத செடியின் இரண்டாவது மூன்றாவது கொத்தில் நன்கு பழுத்த பழத்தைப் பறித்து, விதையைச் சாற்றோடு ஒரு குவளையில் பிழிந்து, இரண்டு மூன்று நாள் மூடிவையுங்கள். மேலே ஆடை போல் படிந்து புளித்த வாடை வரும். விதையைச் சுற்றியிருந்த வழுவழுப்புக் கழன்றுவிடும். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, மூன்று நான்கு முறை அலசி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். சாம்பல் கலந்து சிறு போத்தலில் அடைத்து, இனத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஈரமும் எலியும் அண்டாத இடத்தில் வைத்தால் மூன்று வருடமாவது முளைக்கும்.